முகம் காணாது முடிந்த இசைத்தொகுப்பு

அந்நியச் செலாவணி என்னும் சொல் நம் இல்லங்களுக்குப் புதிதன்று. கடல் கடந்து உழைப்போர் அனுப்பும் பணத்தோடு சேர்ந்தே அச்சொல்லும் நம் ஊர்களுக்குள் நுழைந்தது. அதே பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்ட இசைக்குழு ஒன்று அமெரிக்காவில் உண்டு என்றும், அதன் பெயர் 'தி ஃபாரின் எக்ஸ்சேஞ்ச்' என்றும் நம் பழைய மாணவர் ஒருவர் கூறியபோது புன்னகையோடு கேட்டுக்கொண்டோம். அக்குழுவில் இருப்பவர் இருவரே. ஒருவர் சொல்லுக்கு, மற்றவர் இசைக்கு. முதல் இசைத்தொகுப்பை முடிக்கும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் கண்டதில்லை என்று அவர் தொடர்ந்தபோது நம் புன்னகை மறைந்தது. இது நடக்கக்கூடியதா என்னும் ஐயம் எழுந்தது.

அவ்வையத்துக்குக் காரணம் உண்டு. கல்வியாயினும் கலையாயினும் முழங்காலோடு முழங்கால் அமர்ந்தே பெறத்தக்கது என்று நம் ஆசிரியர்கள் நமக்குக் கற்பித்தனர். நாமும் முப்பது ஆண்டுகளாக அதையே சொல்லி வருகிறோம். 2020-ஆம் ஆண்டில் கல்விக்கூடங்கள் அடைபட்டு, கைப்பேசியின் வழியே பாடம் நடத்த நேர்ந்தது. பெயர் மட்டுமே எழுதிய கறுப்புக் கட்டங்களை நோக்கி அசையும் சீரும் தளையும் விளக்கிய அந்த மாதங்கள் நம் கொள்கையை மேலும் இறுக்கிவிட்டன. எனவே இவ்விருவரின் இசையைக் குறை காணும் நோக்கத்தோடுதான் கேட்கத் தொடங்கினோம் என்பதை வாசக அன்பர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ராப் என்பதை இளைஞர் கூச்சல் என்று ஒதுக்கிவிடும் பெரியவர்கள் நம்மிடையே பலர். நாமும் அவ்வாறு இருந்தவரே. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய இளைஞர் கூல் ஹெர்க் 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நடத்திய ஒரு விருந்தை இக்கலையின் பிறப்பாகக் கூறுவர். பாட்டு நடுவே பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சிறு பகுதியை இரண்டு இசைத்தட்டுகளின் துணையால் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தார் அவர். அத்தாளத்தின் மேல் ஏறிப் பேசத் தொடங்கியவர்களே ராப் பாவலர்கள். தாளத்தைக் கட்டிக் கொடுப்பவரைப் புரொடியூசர் என்பர். திரைப்படத் துறையில் அச்சொல்லுக்குப் பணம் போடுபவர் என்பது பொருள். இங்கே அஃது இசை கட்டுபவரைக் குறிக்கும் என்பதை மனத்தில் கொள்க.

இவ்விருவருள் சொல்லுக்கு உரியவர் ஃபான்டே. வட கரோலினா மாநிலத்தின் டர்ஹம் நகரில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் பயின்ற காலத்தில் தோழர் இருவருடன் 'லிட்டில் பிரதர்' என்னும் குழுவை அமைத்தவர். அக்குழுவின் முதல் தொகுப்பு 'தி லிசனிங்' 2003-இல் வெளிவந்தது. இசைக்கு உரியவர் நிக்கொலே. நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரத்தவர். பல கருவிகளைத் தாமே வாசிக்க வல்லவர். இரண்டு நகர்களுக்கும் இடையே ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேலான தொலைவு. கடிகாரத்தில் ஆறு மணி நேர வேறுபாடு. நிக்கொலே இணையத்தில் இட்டிருந்த ஓர் இசைக்கோவை ஃபான்டேயின் செவியில் விழுந்தது. அதற்குச் சொல் எழுதலாமா என்று கேட்டார், இசைவு கிடைத்தது. அப்படிப் பிறந்த 'லைட் இட் அப்' என்னும் பாட்டு, லிட்டில் பிரதர் குழுவின் 'வாட்எவர் யூ சே' இசைத்தட்டின் மறுபக்கத்தில் இடம்பெற்றது. ஒரு பாட்டு பல பாட்டாயிற்று. இசை மேற்கே போகும். குரல் கிழக்கே திரும்பும். இணையத்தின் வழியாக இப்பரிமாற்றம் நிகழ்ந்தது. 2004 ஆகஸ்டில் 'கனெக்டட்' என்னும் பெயரோடு, லண்டனைச் சேர்ந்த பி.பி.இ. நிறுவனத்தின் வெளியீடாக அத்தொகுப்பு வந்தது.

அந்நாளைய இணையத்தை இன்றைய பிள்ளைகள் அறியார். குறுந்தகட்டின் தரத்தில் ஒரு நிமிட இசை ஏறத்தாழ 10 மெகாபைட் கொள்ளும். நான்கு நிமிடப் பாட்டைத் தொலைபேசிக் கம்பியின் வழியே அனுப்ப முயன்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடையில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இதைவிட நல்ல இணைப்பு இருந்தோருக்கும் ஒலியைச் சுருக்கி அனுப்புவது வழக்கமாக இருந்தது. அனுப்புவது எளிதாயில்லாத காலத்தில் எவரும் பாதிச் சிந்தனையை அனுப்புவதில்லை. இக்கருத்து நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

இவ்வளவில் வாசகர் பலருக்குப் பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் நினைவுக்கு வந்திருப்பர். நமக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று. ஆயினும் அவ்வொப்புமை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. சோழன் வடக்கிருந்தபோது தன் அருகில் நண்பனுக்கு இடம் ஒதுக்கச் செய்தான்; புலவரும் வந்து சேர்ந்தார். காணாத நட்பு காண்பதில் நிறைவெய்திய வரலாறு அது. இங்கோ காண்பதற்கு முன்னரே வேலை முடிந்துவிட்டது. காணாமை இவ்வேலைக்குத் தடையாக இருந்ததா, துணையாக இருந்ததா என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

துணையாக இருந்தது என்பது நம் முடிவு. நாம் எதிர்பார்த்த முடிவு அதுவன்று.

அம்முடிவுக்கு வந்த வழியைச் சொல்ல, நம் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கூறுதல் வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் நம் வாப்பா தம்மாமில் வேலையில் இருந்தார்கள். கடிதங்களோடு சில வேளை கேசட்டும் வரும். வீட்டில் உள்ள அனைவரும் டேப்ரெக்கார்டரைச் சுற்றி அமர்வோம். வாப்பா ஊருக்கு வந்திருக்கும் நாள்களில் அதிகம் பேசமாட்டார்கள். பேசத் தொடங்கினாலும் யாரேனும் குறுக்கிடுவர், பேச்சு நின்றுவிடும். கேசட்டில் குறுக்கிடுவார் எவருமில்லை. ஆகவே அரை மணி நேரம் பேசுவார்கள். சிறுவனாகிய நம் பெயரைச் சொல்லி, நம் படிப்பைப் பற்றி அவர்கள் நீளப் பேசியதை அக்கேசட்டில்தான் கேட்டோம். உம்மா அதை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போட்டுக் கேட்ட பின்னரே மறுமொழி பதிவு செய்வார்கள். நேரில் சொன்ன சொல்லுக்கு உடனே விடை கூறுகிறோம். தொலைவிலிருந்து வந்த சொல்லையோ முதலில் கேட்கிறோம்.

'கனெக்டட்' தொகுப்பில் நாம் கேட்டது அத்தகைய கேட்டலையே. ஒரே அறையில் இருவர் அமர்ந்து பாட்டுக் கட்டும்போது, நான்கு தாளவட்டம் ஒலிப்பதற்குள் ஒருவர் கை உயரும். 'அதை மாற்று, இதைக் கூட்டு' என்பார். சொல்லும் இசையும் ஒன்றையொன்று முந்த முயலும். இங்கே அதற்கு வழியில்லை. நிக்கொலே தம் இசையை முழுதாக முடித்து அனுப்ப வேண்டும். எத்தகைய சொல் வந்து அமரும் என்பதை அவர் அறியார். ஆகவே அவர் இடம் விட்டு வைக்கிறார். மின்பியானோவின் இளஞ்சூடான சுரக்கூட்டு மெல்லப் படர்ந்து நிற்கும். அடியில் பாஸ் ஒலி நடக்கும். மேலே பறை போன்ற தாளம் தெறிக்கும். மனிதக் குரல் உலவும் இடைப்பகுதி மட்டும் வெறுமையாக இருக்கும். விருந்தினர் இன்னும் வராத வீட்டில் பாய் விரித்து வைத்தாற்போன்ற இசை அது. தொகுப்பில் 'நிக்ஸ் க்ரூவ்' என்னும் பாட்டைக் கேட்போர் இதை எளிதில் உணர்வர். இசையமைத்த தோழரின் பெயரைச் சுருக்கித் தலைப்பாக்கியிருக்கின்றனர். முகம் அறியாத ஒருவருக்குச் செய்த மரியாதை என்றே அதை நாம் கொள்கிறோம்.

சொல்லின் பக்கமும் இப்படியே. ராப் பாவலர்க்குத் தற்புகழ்ச்சி இயல்பு. அறியாமைக் காலத்து அரபுக் கவிஞர்களின் 'ஃபக்ர்' அதற்கு நெருங்கிய உறவு. நம் புறப்பொருள் நூலார் 'நெடுமொழி' என்று வகுத்ததும் அதுவே. தற்புகழ்ச்சிக்குச் சூழ நிற்கும் கூட்டம் வேண்டும், கைதட்டுவார் வேண்டும். கடலுக்கு அப்பால் இருக்கும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவருக்குக் குரலைப் பதிந்து அனுப்பும்போது அச்சூழல் இல்லை. ஃபான்டே இத்தொகுப்பின் சிறந்த இடங்களில் தாழ்ந்த குரலில் பேசுகிறார். பிழைப்பின் களைப்பையும் அன்பின் சிக்கலையும் பேசுகிறார். பேச்சு போதாதபோது தாமே பாடிவிடுகிறார். அவர் தோழர்கள் வந்து சேரும் பாட்டுகளில் நெடுமொழி மீண்டும் தலைதூக்குகிறது. 'ரா லைஃப்' போன்ற பாட்டுகளை நாம் கருதுகிறோம். கூட்டம் கூடியவுடன் குரல் உயர்ந்துவிடுகிறது. இவ்வேறுபாடே நம் கருத்துக்கு உற்ற சான்று.

ராப் எங்ஙனம் இவ்வளவு தொலைவைத் தாங்கிற்று என்பதற்கு யாப்பின் வழியே ஒரு காரணம் சொல்லலாம். அரபு யாப்பாகிய 'அரூள்' கலையை வகுத்த கலீல் இப்னு அஹ்மத், பஸரா நகரின் கடைவீதியில் கன்னார் சம்மட்டி ஓசையைக் கேட்டே அதன் கருவைப் பெற்றார் என்றொரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ அன்றோ, பொருத்தம் நன்று. கலீலின் யாப்பில் அளவு சொல்லுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அசைந்த எழுத்தும் அசையாத எழுத்தும் அதைத் தாங்குகின்றன. தமிழிலும் அப்படியே, குறிலும் நெடிலும் ஒற்றும் நமக்குத் தாளம். ராப்பிலோ அளவு சொல்லுக்கு வெளியே நிற்கிறது. சம்மட்டி அடித்துக்கொண்டே இருக்கும். பாவலர் அதற்கு முன்னே சற்று ஓடுவார், பின்னே சற்றுத் தங்குவார், அடியின் ஈற்றில் இயைபு வைத்துத் தாளத்தோடு மீண்டும் வந்து கைகோப்பார். ஒரு பகுதி பெரும்பாலும் பதினாறு தாளவட்டம். வட்டத்துக்கு நான்கு அடியாக அறுபத்து நான்கு அடி. நிமிடத்துக்கு தொண்ணூறு அடி என்று கொண்டால் முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இக்கணக்கு இருவருக்கும் பொது. உத்ரெக்டில் அடித்த தாளம் டர்ஹமில் ஓர் இம்மியும் விலகாது. கையெழுத்திட்ட ஒப்பந்தப் பத்திரம் போல அது இருவருக்கும் நடுவே கிடக்கிறது. அதன் மேல் பதிந்த குரல் திரும்பி வந்த பின், குரலை வைத்துக்கொண்டு சுற்றிலும் உள்ள இசையை மாற்றவும் செதுக்கவும் இசையமைப்பாளருக்கு வசதி உண்டு. வீணையும் வாய்ப்பாட்டும் போல ஒருவர் மூச்சை ஒருவர் நோக்கியிருக்க வேண்டிய கலைகளுக்கு இவ்வழி ஒத்துவராது. எல்லாக் கலைக்கும் இதையே விதியாக்கிவிடலாம் என்று நாம் சொல்ல வரவில்லை.

சொல் ஒருவரது, இசை மற்றவரது என்பது பழைய வழக்கமே. அபுல் ஃபரஜ் அல்-இஸ்பஹானி பத்தாம் நூற்றாண்டில் தொகுத்த 'கிதாபுல் அகானி'யைப் புரட்டினால் பாட்டின் சொல் யாருடையது, மெட்டு யாருடையது, தாளம் எவ்வகையது என்று வெவ்வேறாகக் குறித்திருப்பதைக் காணலாம். முன்னோர் கவிதைக்குப் பின்னோர் மெட்டு அமைத்தனர். இருவருக்கும் இடையே தலைமுறைகள் உண்டு. ஆனால் மறைந்த கவிஞர் மறுமொழி கூறமாட்டார். இங்கே தொலைவும் உண்டு, மறுமொழியும் உண்டு. புதுமை அதில்தான்.

இன்னோர் ஒப்புமையும் காட்டலாம். 2003-இல் 'கிவ் அப்' என்னும் தொகுப்பை வெளியிட்ட 'தி போஸ்டல் சர்வீஸ்' என்ற குழுவினர் இசையை அஞ்சலில் அனுப்பிக்கொண்டவர். அமெரிக்க அஞ்சல் துறை தன் பெயர் எடுத்தாளப்பட்டதற்கு மறுப்புத் தெரிவித்து, பின்னர் உடன்பாடு செய்துகொண்டது சுவையான செய்தி. ஆயினும் அவர்கள் முன்னரே பழகியவர்கள், ஒரே நாட்டினர். அவர்களுக்குத் தொலைவு ஓர் ஏற்பாடு. இவர்களுக்கோ தொடக்கமே தொலைவு.

குறைகளையும் சொல்லிவிடுவோம். தொகுப்பில் விருந்தினர் அதிகம். யாஸாரா, டேரியன் பிராக்கிங்டன் ஆகிய பாடகர்கள் பாட்டுக்கு மெருகு சேர்க்கின்றனர். 'சின்சியர்', 'கம் அரௌண்ட்' ஆகியவை அவர்களாலேயே நிற்கின்றன. ஏனைய ராப் பாவலர்கள் அடுத்தடுத்து வந்து போகும்போது, இருவர் உரையாடலைக் கேட்க வந்த நமக்குச் சந்தையில் நிற்பது போலாகிவிடுகிறது. நடுப்பகுதியில் ஒரே மனநிலையும் ஒரே நடையும் நீடிப்பதால் சிறிது சோர்வு தட்டுகிறது. குறுக்கிடுவார் இல்லாமையின் விலை இது. ஒரே அறையில் இருந்திருந்தால் 'இப்பாட்டு வேண்டாம்' என்று ஒருவர் சொல்லியிருக்கக்கூடும். முகம் தெரியாதவரிடம் மரியாதை மிகுந்துவிடுகிறது, மறுப்பு எழுவதில்லை. பிள்ளைகள் நடுவே ஒலிக்கவிடத் தகாத வசைச் சொற்களும் ஆங்காங்கே உண்டு. பெற்றோர் முதலில் தனியே கேட்பது நலம்.

தொகுப்பு வெளிவந்த பின் நேர்ந்ததும் ஆராயத்தக்கது. சில ஆண்டுகளில் நிக்கொலே நெதர்லாந்தை விட்டு வட கரோலினாவிலேயே வில்மிங்டன் என்னும் கடற்கரை நகரில் குடியேறினார். ஆறாயிரம் கிலோமீட்டர் சில மணி நேரக் கார்ப் பயணமாகச் சுருங்கிற்று. 2008-இல் இரண்டாவது தொகுப்பு 'லீவ் இட் ஆல் பிஹைண்ட்' வந்தது. அதில் ராப் பெரும்பாலும் மறைந்து, பாட்டே முதலிடம் பெற்றுவிட்டது. ஃபான்டே தம்மைப் பாடகராகவே நிறுத்திக்கொண்டார். முஹ்சினா என்னும் பாடகியோடு அவர் பாடிய 'டேகீப்பர்' 2010-ஆம் ஆண்டின் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. நன்மை செய்பவள் என்னும் பொருளுடைய அரபுப் பெயரை அவ்விருதுப் பட்டியலில் காண நமக்கு மகிழ்ச்சிதான். தொடர்ந்து 2010-இல் 'ஆதென்டிசிட்டி', 2013-இல் 'லவ் இன் ஃப்ளையிங் கலர்ஸ்', 2015-இல் 'டேல்ஸ் ஃபிரம் தி லேண்ட் ஆஃப் மில்க் அண்ட் ஹனி' என்று தொகுப்புகள் வெளிவந்தன.

இரண்டாவது தொகுப்பே உயர்ந்தது என்பது நம் மாணவர் கட்சி. இசையின் செப்பம், குரலின் நயம், பாட்டுகளின் ஒருமை ஆகியவற்றை நோக்கினால் அவர் சொல்வதை மறுக்க இயலாது. முதற்தொகுப்பில் நாம் கண்ட குறைகளுள் பல அதில் இல்லை. நடுவே சந்தை இல்லை; ஒரு வீட்டின் கதை போலத் தொடக்கமும் போக்கும் உண்டு. அருகில் வந்தமையால் வந்த நன்மை இது என்றும் அவர் வாதிடுகிறார். அது நம் பழைய கொள்கைக்கே வலுச் சேர்ப்பது. வழக்கமாக நாம் அதை ஏற்றிருப்போம். ஆயினும் நம் செவி முதற்தொகுப்பையே தேடுகிறது. இரண்டாவதில் இருவரும் ஒருவரை ஒருவர் நன்கு அறிந்துவிட்டனர். என்ன வரும் என்பது இருவருக்கும் தெரியும். இசை இடம் விட்டுக் காத்திருக்கவில்லை, குரலை ஏந்திக்கொண்டு செல்கிறது. முதலாவதில், அனுப்பிய பின் என்ன திரும்பி வருமோ என்னும் எதிர்பார்ப்பு ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் கேட்கிறது. குரல் நுழைவதற்கு முன் தாளம் தனியே ஒலிக்கும் அந்தச் சில கணங்களை நாம் மீண்டும் மீண்டும் கேட்டிருக்கிறோம்.

நம்மைப் பற்றியும் ஒரு சொல். ஹதீஸ் கலை பயின்றபோது, ஆசிரியர் வாயிலாக நேரில் கேட்கும் 'ஸமாஉ' முறைக்கு முதலிடம் என்று மனனம் செய்தோம். அதே பட்டியலில் சற்றுக் கீழே, ஆசிரியர் தம் கையால் எழுதித் தொலைவில் உள்ளவருக்கு அனுப்பும் 'முகாதபா'வும் ஏற்கத்தக்க வழிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது. முதலாவதை மாணவர்க்கு நூறு முறை சொல்லியிருப்போம். இரண்டாவதைத் தேர்வுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தோம். 2020-இல் நாம் நடத்திய பாடங்கள் பாழாய்ப்போனதற்குக் காரணம் தொலைவு என்றே இதுவரை எண்ணியிருந்தோம். அந்நாள்களில் மாணவர் எழுதி அனுப்பிய வெண்பாக்கள் நம் கைப்பேசியில் இன்னும் கிடக்கின்றன. திருத்தம் என்று ஒரு சொல் மட்டும் எழுதி விரைந்து திருப்பி அனுப்பியவை பல. இப்பொழுது அவற்றை எடுத்து, ஒவ்வொன்றாக, வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கிறோம்.